அவள் எட்டு போட்டாள்

எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் சாவி, ஒன்று வண்டியில் இருக்கும், இல்லையென்றால் என் இடுப்பில் இருக்கும். மூன்றாவதாக ஓர் இடத்தில் அதை யாரும் பார்த்திருக்க முடியாது. நாஷ்டாவுக்குப் போனாலும் கழற்றிக்கொண்டுதான் போவேன். நான் இல்லாத நேரத்தில் யாராவது ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னே பின்னே நகர்த்திவிட்டால், அது யார் என்று கண்டுபிடித்துத் திட்டித் தீர்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பிச் சுருள்களை அடுக்கி வைக்கும் ஷெட் அது. லாரி வந்து நின்றால், வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கரங்களில் சுருளை ஏந்தி, இரண்டு பக்கமும் ஒரு சாண் மட்டுமே மிச்சம் விடும் சந்துக்குள் திரும்பி, உரசாமல் இறக்கிவிட்டு வருவேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தான் வண்டி பழக்குவேன். பழக்குவேன் என்றால் கத்துவேன். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் ஸ்டியரிங் பிடித்ததில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாள் முழுக்கக் குனிந்தே கிடந்தவர்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால், கம்பெனி பெயரோ சம்பளமோ அப்பா சொல்லமாட்டார். "எம்புள்ள உக்காந்து வேல செய்றான்" என்பார். அந்த சீட்டின் மேல் எனக்கு இருந்த திமிர் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு, எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து பாதுகாப்பு ஆடிட் வந்தது. வெள்ளை ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் ஷெட்டைச் சுற்றி வந்து, தீயணைக்கும் சிலிண்டரில் தேதி பார்த்தார்கள், எங்கள் ஷூவைப் பார்த்தார்கள், கடைசியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரின் லைசென்ஸைக் கேட்டார்கள். நான் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினேன். வேலைக்குச் சேர்ந்தபோதும் அதைத்தான் காட்டினேன். அது டூவீலருக்கு மட்டும் என்பதை அதுவரை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்தார்கள். ஒருவர் மற்றவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைக்கு பதில் ஓர் அறை விட்டிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் ஆபீஸில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆடிட் வருவதற்குள் நாலு சக்கர லைசென்ஸ் எடுத்தால் வண்டி எனக்கு. எடுக்காவிட்டால் லைசென்ஸ் இருக்கும் வேறு ஆளைப் போடுவார்கள், எனக்குத் தரையில் கைவண்டி தள்ளும் வேலை. மரியாதையாகத்தான் சொன்னார்கள். நானும் இதென்ன பெரிய விஷயம் என்பதுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன். உண்மையிலேயே பெரிய விஷயமாக நினைக்கவில்லை. நாலு டன்னைத் தூக்கிக்கொண்டு சந்தில் திரும்புகிறவனுக்கு ஒரு சின்னக் காரை மைதானத்தில் ஓட்டிக்காட்டுவது எம்மாத்திரம்?

அதே சமயம் என் மனைவிக்கும் லைசென்ஸ் தேவைப்பட்டது. அவள் சிப்காட்டின் இன்னொரு மூலையில் பிஸ்கட் பேக்கிங் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். அவர்கள் கம்பெனி பஸ் எங்கள் ஊருக்குள் வருவதை நிறுத்திவிட்டதால், தினமும் மெயின் ரோடு வரை நடந்து கொண்டிருந்தாள். பணம் சேர்த்து ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று முதல் நாள் நான்தான் ஏரிக்கரைக்கு அழைத்துப்போனேன். புதிதாகச் சேர்கிறவர்களிடம் கத்துவதுபோல் அவளிடமும் கத்தினேன். மறுநாளிலிருந்து அவள் பக்கத்து வீட்டு அக்காவோடு போய்க் கற்றுக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஒரே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தோம். என்னிடம் ஏற்கெனவே ஒரு லைசென்ஸ் இருப்பதால் எல்.எல்.ஆருக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை தேவையில்லை, அவளுக்கு மட்டும் உண்டு என்றார்கள். சொல்லவா வேண்டும்? அன்று முதல் நான் வாத்தியார் ஆகிவிட்டேன். அவள் சமையல் செய்யும்போது ஸ்கூலில் கொடுத்த சின்னப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, சாலைக் குறியீட்டுப் படங்களைக் காட்டிக் கேட்பேன். நீல வட்டத்தில் சிவப்புக் கோடு குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட படம் வந்தது. வண்டியை நிறுத்தவே கூடாது என்றாள். இது தெரியாதா, பார்க்கிங் கூடாது என்று நான் அதட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஒற்றைக் கோடு இருந்தால்தான் பார்க்கிங் கூடாது, இது நிற்கவே கூடாது என்றாள். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான். புத்தகத்தில் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவள் பரீட்சையில் ஒரே தடவையில் பாஸ் செய்தாள்.

எனக்குப் பரீட்சை இல்லாவிட்டாலும் நாற்பது வயது தாண்டிவிட்டதால் டாக்டரிடம் சர்ட்டிஃபிகேட் வாங்க வேண்டியிருந்தது. கிளினிக்கில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார் டாக்டர். மேலே இருந்ததையெல்லாம் படித்தேன். கீழே இரண்டு வரி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. யூகத்தில் ஏதோ சொன்னேன். டாக்டரம்மா சிரிக்காமல், கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கண்ணாடி வாங்கினேன். கம்பெனிக்கு அதைக் கொண்டுபோகவில்லை. கிளினிக்கிலும் டிரைவிங் ஸ்கூல் காரிலும் மட்டும் போட்டுக்கொண்டேன், யாரோ இரவல் கொடுத்ததுபோல.

ஒரு மாதம் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். அதற்கு ஆன்லைனில் நாள் குறித்து ஸ்லாட் போட வேண்டும். இதில்தான் என் மானம் முதலில் கப்பலேறியது. எங்கள் கம்பெனியில் செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, வேலை முடிந்து போகும்போதுதான் வாங்கவேண்டும். டிரைவிங் ஸ்கூலில் ஸ்லாட் போடும் பெண், பகலில்தான் சைட்டைத் திறப்பாள். ஓ.டி.பி. என் போனுக்கு வரும். நான் ஷெட்டில் சுருள் தூக்கிக்கொண்டிருப்பேன். ஓ.டி.பி. கேட்டில் கிடந்து செத்துப்போகும். காலியாக இருந்த நாளை வேறு யாரோ எடுத்துக்கொள்வார்கள். இப்படியே இரண்டு வாரம் போயிற்று. என் ஷிஃப்டுக்கு ஒத்துவரும் நாள் கிடைத்தால் என் மனைவியின் ஷிஃப்டுக்கு ஒத்துவராது, அவளுக்கு ஒத்துவந்தால் எனக்கு வராது. அந்தப் பெண் பேஜாராகி, ஒரு வழி பண்ணுங்க சார் என்று சொல்லிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் செக்யூரிட்டியிடம் சொன்னேன். என் போனில் ஒரு நம்பர் வரும், பின்னாலேயே ஒரு பெண் போன் செய்வாள், அந்த நம்பரைப் படித்துச் சொல்லிவிடு, எதற்கு என்று கேட்காதே என்றேன். அவர் கேட்கவில்லைதான். படித்தார். நம்பருக்கு மேலே எழுதியிருந்ததையும் சேர்த்துப் படித்தார். சாயங்காலம் நான் வெளியே வருவதற்குள் கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் சேதி தெரிந்திருந்தது.

"இன்னாண்ணா, டிரைவிங் டெஸ்டாமே? அப்போ இவ்ளோ நாளு நீ ஓட்டிக்கினு இருந்தது இன்னா?" என்று ஒருவன் கேட்டான். என்னிடம் வண்டி பழகும்போது வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். காது மட்டும் சுட்டது.

பயிற்சியும் நான் நினைத்தபடி இல்லை. சொல்லிக்கொடுத்தவர் பொறுமைசாலி, என்னைவிட ரொம்பச் சின்னவர், ஆனாலும் வாய் நிறைய சார் போட்டுக் கூப்பிடுவார். முதல் நாள் நான் காரை எடுத்ததும் திருப்பத்துக்குத் திருப்பம் ஹார்ன் அடித்தேன். ஷெட்டில் அது சட்டம். மூலை திரும்பினால், கதவு தாண்டினால், ஹார்ன் அடிக்காமல் போகக்கூடாது. காலி ரோட்டில் யாருக்கு சார் ஹார்ன் அடிக்கிறீங்க என்று கேட்டார். ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் சுழற்றினேன், ஃபோர்க்லிஃப்டில் இருக்கும் குமிழைப் பிடித்துச் சுழற்றும் பழக்கத்தில். இரண்டு கை சார் என்றார். அவர் பக்கத்தில் இருந்த பிரேக்கை அவர் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு முதுகில் யாரோ தட்டுவதுபோல் இருக்கும்.

ஒருநாள் சிப்காட் வளைவில் காரை ஆஃப் செய்துவிட்டேன். கிளட்சைச் சட்டென்று விட்டதில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. கூரை மேல் சிவப்பில் பெரிதாக எல் எழுதிய பலகை. பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது எங்கள் கம்பெனி பஸ். நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் ஜன்னலாக என் ஆட்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரை எழுப்பிக் காட்டினார். நான் கண்ணாடியைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கழற்றியபின் சாவி எங்கே இருக்கிறது என்று தடவினேன்.

ஒருவழியாக இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஸ்லாட் கிடைத்தது. நான் ஒருவரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன். அவள் லீவு போட்டாள். டெஸ்ட் மைதானத்தில் ஒரு பக்கம் டூவீலருக்கு எட்டு வடிவத்தில் கோடு போட்டிருந்தது. இன்னொரு பக்கம் காருக்கு எச் வடிவத்தில் கம்பங்கள் நட்டிருந்தார்கள். அந்த எச் வடிவத்தின் ஒரு காலில் நுழைந்து, ரிவர்ஸில் பின்னால் வந்து, குறுக்குச் சந்தில் திரும்பி, அடுத்த காலில் போய் நிற்கவேண்டும். எந்தக் கம்பத்திலும் படக்கூடாது.

முதலில் எட்டு. அவள் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள். கால் தரையில் பட்டால் போச்சு என்று முந்தின நாள் இரவெல்லாம் நான் அவளைப் பயமுறுத்தியிருந்தேன். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மாவில் முறுக்கு பிழிகிறவள்போல நிதானமாகச் சுற்றினாள், ஒரு தடவை, இரண்டு தடவை. கால் தரைக்கு வரவேயில்லை. டெஸ்ட் எடுக்கும் அதிகாரியை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அவர் போதும் போதும் என்று கையைக் காட்டினார்.

அடுத்து என் முறை. கார் பக்கத்தில் வந்து நின்ற பிரேக் இன்ஸ்பெக்டர், எத்தனை நாளாக ஓட்டுகிறீர்கள் என்று சும்மா கேட்டார். வாயை மூடிக்கொண்டு ஒரு மாதம் என்று சொல்லியிருக்கலாம். "பதினெட்டு வருஷமா ஓட்டிக்கினு இருக்கேன் சார்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் பார்க்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

முன்னால் போனது நன்றாகத்தான் போனது. பின்னால் வரும்போது கெட்டது. ஃபோர்க்லிஃப்டில் திரும்புவது பின் சக்கரம். பின்னால் வரும்போது வாலைத் திருப்பினால் போதும், மூக்கு சாதுவாகப் பின்னால் வந்துவிடும். எனக்குக் கண் எப்போதும் வாலில்தான். காரில் திரும்புவது முன் சக்கரம். பின்னால் வரும்போது மூக்குதான் வெளியே வீசும். ஒரு மாதமாகப் பயிற்சியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றதும் கை பழைய வேலையைக் காட்டிவிட்டது. தலையை முழுசாகப் பின்னால் திருப்பிக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஒரு ஹார்ன் வேறு அடித்துவிட்டு, சினிமா ஹீரோ மாதிரி ஸ்டியரிங்கைச் சுழற்றினேன். முன்னால் டக் என்று சத்தம். ஒரு கம்பம் சாய்ந்தது. பதறிப்போய்த் திருத்தப் பார்த்ததில் அடுத்ததும் சாய்ந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் திட்டவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிட்டு வாங்க" என்றார். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காரை விட்டு இறங்கி, விழுந்த கம்பங்களை நானே நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான் செய்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் தன் பாஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்கா என்ன ஆச்சு என்று கேட்டபோது, இன்னொரு தடவை போகணும் அக்கா என்று பொதுவாகச் சொன்னாள், தனக்கும் சேர்த்துச் சொல்வதுபோல. அந்த அக்கா ஐயோ பாவம் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இவள் பாஸ் பண்ணிட்டா என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை.

பாஸ் ஆகும் வரைக்கும் என்று சொல்லிக் கம்பெனியில் சாவியைக் கேட்டார்கள். கழற்றிக் கொடுத்தேன். ஆந்திராவிலிருந்து வந்து சேர்ந்த ஒருவருக்கு நாலு சக்கர லைசென்ஸ் இருந்தது. அவர் என் சீட்டில் ஏறினார். சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார், அவர் நல்ல உயரம். நான் தரையில் கைவண்டி தள்ளினேன். மதியத்துக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனபோது வேலையெல்லாம் எப்படி என்று கேட்டார். நல்லா போகுது என்றேன். உட்கார்ந்த இடத்தில் இருந்து எழும்போது இடுப்பில் கை வைக்காமல் எழுந்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது ஸ்லாட், ஆடிட்டுக்கு முந்தின வாரம் கிடைத்தது. அதில் விட்டால் அவ்வளவுதான், ஆந்திராக்காரரை அந்த வண்டிக்கே நிரந்தரமாகப் போட்டுவிடுவார்கள் என்று சூப்பர்வைசர் முன்னாலேயே சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று. தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு வடைத் துண்டைப் பின்னால் இழுத்துத் திருப்பிப் பார்ப்பேன், மூக்கு எங்கே போகிறது என்று. என் மனைவி பார்த்துவிட்டுக் குழம்பு ஊற்றுவாள்.

அன்று காலையில் பைக்கை எடுத்தால் பின் டயர் தரையோடு ஒட்டிக்கிடந்தது. பஞ்சர். டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் போட்டேன். கார் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு அப்போதே மைதானத்துக்குப் போய்விட்டது, நேராக வந்துவிடுங்கள் என்றார்கள். என் மனைவி வேலைக்குக் கிளம்பி ஸ்கூட்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

சாவிக்காகக் கையை நீட்டினேன். அவளுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்ததுபோல்தான் தெரிந்தது. பிறகு என் கையைப் பார்த்தாள்.

"உனுக்கு கை நடுங்குது. நானே ஓட்டறேன், நீ பின்னாடி குந்து" என்றாள்.

இதை இங்கே விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஷெட்டில் ஒருவர் இருக்கிறார். கால் உடைந்து கட்டுப் போட்டிருந்த சமயத்தில் அவர் மனைவி அவரை ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுவந்து கேட்டில் விட்டுவிட்டுப் போவார். கால் சரியாகி வருஷக்கணக்காகிறது. இன்றும் அவருக்கு ஷெட்டில் பெயர் பார்சல். பார்சல் வந்தாச்சா, பார்சலைக் கூப்பிடு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தது நான்தான். இருபது வருஷமாக என் மனைவி என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வருகிறாள். அதற்கு ஒரு பெயர் வைக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றியதில்லை.

ஏறி உட்கார்ந்தேன். ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டேன். இரவு ஷிஃப்ட் விடும் நேரம் அது, சிப்காட் ரோட்டில் பஸ் பஸ்ஸாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பஸ் வரும்போதும் தலையைக் குனிந்து அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டினேன். அவள் லாரிகளுக்கு நடுவே பதறாமல், என்னைவிட நன்றாகவே ஓட்டினாள். பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்போல.

"தூசியா?" என்றாள்.

ஆமா என்றேன்.

மைதானத்து வாசலில் இறக்கிவிட்டு, அவள் கம்பெனிக்குப் போகத் திரும்பினாள். நான் உள்ளே போய் வரிசையில் நின்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன். என் முறை வந்தபோது அதே பிரேக் இன்ஸ்பெக்டர். எத்தனை வருஷம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஹார்ன் பக்கம் கையே போகாமல் பார்த்துக்கொண்டேன். பின்னால் வரும்போது மூக்கு, மூக்கு என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தமாகவே சொல்லிவிட்டிருக்கிறேன்.

"மூக்குல என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன். ஒரு கம்பமும் ஆடவில்லை. அதன்பிறகு ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னார். கியர் மாற்றினேன், கை காட்டினேன், ஓரமாக நிறுத்தினேன். சரி, இறங்குங்க என்றார். பாஸ் என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தாறு வயதில் கார் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினேன். அப்பா முகம்தான் முன்னால் வந்தது.

வெளியே வரும்போது எதிரில் எங்கள் சூப்பர்வைசர். மகளை எட்டு போட அழைத்து வந்திருந்தார். பாஸா என்று கேட்டார், பாஸ் சார் என்றேன். கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போ நாளையிலிருந்து வண்டி உன்னுதுதான் என்றார். அந்த நிமிஷம் எனக்கு யாரையும் தெரியவில்லை, உலகமே என்னுடையது. பிறகு அவர் சாதாரணமாக, காலங்காத்தால இவ்வளவு தூரம் எதில் வந்தாய் என்று கேட்டார்.

"டிரைவிங் ஸ்கூல் காருதான் சார்" என்றேன்.

"ஊட்லருந்து யாரும் வரலியா?"

"எம்பொண்டாட்டி வந்து இன்னா சார் பண்ணப் போது? அதுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? வேலைக்குப் போயிக்கீது."

அவர் சிரித்துக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் பார்த்து, கொஞ்சம் வழி விடுங்கம்மா என்று யாரிடமோ சொல்லிவிட்டு மகளோடு உள்ளே போனார். அவருக்கு என் மனைவியைத் தெரியாது. நான் திரும்பினேன்.

அவள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இன்னொரு கையில் தண்ணி பாட்டில். பாதி வழி போனவள், அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, வேலிக்கு வெளியே நின்று முழு டெஸ்டையும் பார்த்திருக்கிறாள். இது அவள் சொன்னதல்ல. அன்று அங்கே நின்றிருந்த டிரைவிங் ஸ்கூல்காரர் பிறகு சொன்னது. நீங்கள் பின்னால் வரும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டார்கள் சார் என்றார்.

அவள் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன்.

"பாஸு தான?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன். அவள் சிரித்தாள். உண்மையான சிரிப்பு, அதில் ஒரு குத்தலும் இல்லை. குத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும்.

மதிய ஷிஃப்டுக்கு நான் நேராகக் கம்பெனிக்குப் போகவேண்டும். அவள் வண்டியை எடுத்தாள், நான் பின்னால் ஏறினேன். அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தேன். சூப்பர்வைசர் ஒரு மாதிரியான ஆள், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று ஆரம்பிக்கலாமா? சும்மா வாயில் வந்துவிட்டது என்று சொல்லலாமா? காற்று சத்தத்தில் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹெல்மெட்டின் கண்ணாடியை இந்தத் தடவை தூக்கித்தான் விட்டிருந்தேன். அது ஏதோ பெரிய பரிகாரம் என்று நினைப்பு.

எங்கள் கம்பெனி கேட்டுக்கு முன்னால் ரோடு ஒரு வளைவு வளையும். லாரிகள் எடை போட வரிசையாக நிற்கும் இடம். அங்கே நின்றால் கேட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவள் அங்கே ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

"இங்கியே எறங்கிக்கோ" என்றாள். "கேட்டு வரிக்கும் வந்தா யார்னா பாத்துடுவாங்க."

குரலில் கோபம் இல்லை. வெயிலுக்குத் துண்டு எடுத்துக்கொண்டு போ என்று சொல்வாளே, அந்தக் குரல்தான். பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்க்கவும் இல்லை, முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரவாயில்லை, கேட் வரைக்கும் போ என்று சொல்வதற்கு எனக்கு வாய் இருந்தது. அவள் எனக்காகக் காத்துக்கொண்டும் இருந்தாள், எஞ்சினை அணைக்காமல். வளைவுக்குப் பின்னால் கம்பெனி பஸ் ஒன்று வரும் சத்தம் கேட்டது.

இறங்கினேன்.